பூ விழுந்த கண்ணுக்கு எது பொருந்தும்? லென்ஸ், கண் ஓடு, கருவிழி மாற்று, கருவிழியில் பச்சை குத்தல்: ஓர் ஒப்பீடு

கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் இருக்கும் தெளிவான படலத்தில், வெள்ளைத் தழும்பு விழுந்து ஒரு கண்ணில் பார்வை இழந்தவர்களிடம் பேசினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு கண்ணால் வேலை நடந்துவிடுகிறது. படிக்கிறார்கள், தைக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள். தாங்க முடியாதது, எதிரில் இருப்பவரின் பார்வை அந்தக் கண்ணில் போய் நிற்கும் ஒரு நொடிதான். போட்டோவில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும் பழக்கமும், நேர்முகத் தேர்வில் தலை நிமிராமல் பதில் சொல்லும் பழக்கமும் அங்கிருந்துதான் வருகின்றன.

"இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டால், முடியும். வண்ண லென்ஸ் இருக்கிறது, கண்ணின் மேல் அணியும் மெல்லிய ஓடு இருக்கிறது, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. இவற்றோடு, பலர் கேள்விப்பட்டே இராத ஒரு வழியும் உண்டு: கருவிழியிலேயே நிறமியைச் செலுத்திப் பச்சை குத்துவது. நான் கண் மருத்துவமனையில் லென்ஸும் செயற்கைக் கண்ணும் பொருத்தும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த நான்கையும் தேர்ந்தெடுத்தவர்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வை திரும்பாது என்று உறுதியான, வலியோ அழற்சியோ இல்லாத, அளவு சுருங்காத கண்ணுக்குக் கருவிழிப் பச்சை நியாயமான, நல்ல வழி. ஆனால் அது முதல் படியாக இருக்கக் கூடாது. நன்றாகப் பார்க்கும் கண்ணுக்கு, நிறம் மாற்றுவதற்காக மட்டும், அதைச் செய்யவே கூடாது.

முதலில் கேட்க வேண்டியது அழகைப் பற்றிய கேள்வி அல்ல

நம் ஊரில் இந்தத் தழும்பு வரும் வழிகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். நெல் தாளோ கரும்புத் தோகையோ கீறி, அந்தக் காயத்தில் பூஞ்சைத் தொற்று ஏறி, புண் ஆறிய இடத்தில் வெள்ளை நின்றுவிடும். வெற்றிலைக்கு வாங்கிவைத்த சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்க, அது கண்ணில் தெறித்திருக்கும். பட்டாசு வெடித்திருக்கும். சின்ன வயதில் தட்டம்மையோடு வைட்டமின் ஏ குறைபாடும் சேர்ந்து கருவிழி கரைந்திருக்கும். ஹெர்பிஸ் வைரஸ் அடிக்கடி வந்து வந்து தழும்பாக்கியிருக்கும்.

டாக்டர் இந்தப் பழங்கதையைக் கிளறிக் கேட்பது வெறும் பதிவுக்காக அல்ல. எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் காரணமே பாதி முடிவுசெய்துவிடும். ஹெர்பிஸ் தழும்பைத் தொட்டால், உறங்கிக் கிடக்கும் வைரஸ் மறுபடி கிளம்பலாம். சுண்ணாம்பு பட்ட கண்ணில், கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்கள் ஓரத்திலேயே அழிந்துபோயிருக்கும். அங்கே ஊசி வைத்தால் புண் ஆறாமல் கிடக்கும். பழைய சீட்டுகள், மருந்துப் பெயர்கள், எந்த வயதில் நடந்தது என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்து, அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்ப வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவிழி வெள்ளையாக இருப்பதால் உள்ளே எதுவும் தெரியாது. அதனால் இருட்டறையில் டார்ச் அடித்து, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்பார்கள். ஸ்கேன் எடுத்து விழித்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண் அழுத்தத்தை அளப்பார்கள். இந்தச் சோதனைகளைச் செய்யாமல் நேரே அழகுக்கான சிகிச்சைக்குப் போவதுதான் நான் பார்க்கிறவற்றில் மிகவும் வருத்தமான விஷயம். பார்வை திரும்பியிருக்கக்கூடிய கண்ணைக் கறுப்பாக்கி மூடிவிட்டால், பிறகு அந்தக் கதவைத் திறப்பது பெரும்பாடு.

குழந்தை என்றால் இது இன்னும் அவசரம். ஏழெட்டு வயதுக்குள் ஒரு கண்ணிலிருந்து தெளிவான உருவம் மூளைக்குப் போகவில்லை என்றால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்ளாது. சோம்பேறிக் கண் என்பது இதைத்தான். குழந்தையின் கண்ணில் வெள்ளை தெரிந்தால் தோற்றத்தைப் பற்றி யோசிக்க ஒரு நாள்கூடச் செலவழிக்காமல் கருவிழி நிபுணரிடம் கூட்டிப்போங்கள்.

கருவிழி மாற்று: பார்வைக்காக, தோற்றத்துக்காக அல்ல

1905-ல் எட்வர்டு சிர்ம் என்ற மருத்துவர், இன்றைய செக் குடியரசில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரில், மனிதருக்கு மனிதர் கருவிழியை முதன்முதலாக வெற்றிகரமாக மாற்றினார். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் 1940-களிலேயே கண் வங்கி வந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டின் பெரிய கண் மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கும் அறுவை சிகிச்சை.

விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்து, வெள்ளை மட்டுமே தடையாக இருந்தால் இதுதான் சரி. பார்வையும் வரும், கண்ணும் தெளிவாகத் தெரியும். ஆனால் பார்வை திரும்பாத கண்ணுக்குத் தோற்றத்துக்காக மட்டும் இதைக் கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். தானமாக வரும் கருவிழிகள் தேவைக்குப் போதவில்லை; பார்வைக்காகக் காத்திருப்பவர் ஒருவருக்கு அது போக வேண்டும். இது ஒரு காரணம். நோயாளியின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. தையல் மாதக்கணக்கில் இருக்கும், ஸ்டீராய்டு சொட்டு நீண்ட நாள் போட வேண்டும், உடல் அந்தத் திசுவை ஏற்காமல் எப்போது வேண்டுமானாலும் தள்ளலாம். ரத்தக் குழாய்கள் ஊடுருவிய பழைய தழும்புகளில் அந்த ஆபத்து கூடுதல். தள்ளிவிட்டால் கருவிழி மறுபடி வெள்ளையாகும். இவ்வளவு பட்டும் தோற்றம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

வண்ண லென்ஸ்: எல்லோரும் முதலில் முயன்று பார்க்க வேண்டியது

இது கடையில் கிடைக்கும் ஃபேஷன் லென்ஸ் அல்ல. தழும்பு வெள்ளையாக இருப்பதால், சாதாரண கலர் லென்ஸைப் போட்டால் அந்த வெள்ளை பின்னாலிருந்து ஊடுருவி சாம்பல் பூத்ததுபோல் தெரியும். செயற்கை வண்ண லென்ஸில் பின்பக்கம் ஒளி புகாத பூச்சு இருக்கும். அதன் மேல் ஐரிஸின் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தின்) பழுப்பும், நடுவில் கண்மணியின் கறுப்பும் வரையப்பட்டிருக்கும். நல்ல கண்ணைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, நிறத் தட்டோடு ஒப்பிட்டு, கண்மணியின் அளவை மில்லிமீட்டரில் குறித்து ஆர்டர் கொடுப்போம். பொருத்திய அன்று கண்ணாடியைப் பார்த்து அழாதவர்கள் குறைவு.

இதன் பெரிய பலம், பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம் என்பது. எந்தத் திசுவும் வெட்டப்படுவதில்லை. பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கும் முதலில் சில மாதங்கள் இதைப் போட்டுப் பாருங்கள் என்றே சொல்வோம். கறுத்த கருவிழியோடு முகம் எப்படி இருக்கிறது, தங்களுக்கு அது போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பலவீனம் அன்றாடப் பராமரிப்பில் இருக்கிறது. தினமும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, லென்ஸ் திரவத்தில் சுத்தம்செய்து, இரவில் கழற்றிவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் படக் கூடாது. அதில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியைத் தின்றுவிடும். வயலில் வேலை செய்பவர், பஞ்சாலைத் தூசியில் நிற்பவர், வெல்டிங் பட்டறையில் இருப்பவர் இதைத் தொடர்ந்து போடுவது கஷ்டம். பழைய தழும்பில் உணர்ச்சி மங்கியிருக்கும் என்பதால் லென்ஸ் உரசிப் புண்ணானாலும் வலி தெரியாமல் போகலாம். மேடு பள்ளமான தழும்பில் லென்ஸ் நிலையாக உட்காராது. கண் சிமிட்டும்போது கறுப்பு வட்டம் சற்றுத் தாமதமாக நகரும், எதிரில் இருப்பவருக்கு அது தெரியும். வருடத்துக்கு ஒன்றாவது மாற்ற வேண்டியிருப்பதால் செலவும் நின்றபாடில்லை.

கண் ஓடு: சுருங்கிய கண்ணுக்கு

கண் வெள்ளையானது மட்டுமல்லாமல் அளவிலும் சுருங்கிப்போயிருந்தால் லென்ஸும் பச்சையும் உதவாது. இமை உள்வாங்கி, கண் சின்னதாகவே தெரியும். அங்கே அக்ரிலிக்கில் செய்த மெல்லிய ஓடுதான் வழி. கண்ணில் மாவுக் கலவை ஊற்றி அச்செடுத்து, மெழுகில் மாதிரி செய்து, இமை எவ்வளவு திறக்கிறது என்று பார்த்துச் செதுக்கி, பிறகு அக்ரிலிக்காக வார்ப்போம். நோயாளியை ஜன்னலோரம் உட்காரவைத்து நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்து ஐரிஸைத் தூரிகையால் தீட்டுவோம். வெள்ளைப் பகுதியில் ரத்த நாளங்களுக்காக மிக மெல்லிய சிவப்பு நூலிழைகளைப் பதிப்போம். மேலே பளபளப்பான தெளிவுப் படலம் இருப்பதால் ஆழமும் ஒளியும் தெரியும். தோற்றத்தில் நான்கு வழிகளிலும் மிகத் தத்ரூபமானது இதுதான் என்பது என் கருத்து.

கருவிழியில் உணர்ச்சி அதிகமாக இருந்தால் ஓட்டைத் தாங்க முடியாது. அதற்குக் கண்ணின் மேல்சவ்வை இழுத்துக் கருவிழியை மூடும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. பார்வை போனதோடு ஓயாத வலியும் இருக்கிற கண் என்றால், உள்ளிருப்பதை எடுத்துவிட்டு உருண்டை ஒன்றை வைத்து அதன் மேல் ஓடு போடுவதே நிம்மதி தரும். வலிக்கும் கண்ணுக்குப் பச்சை குத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கருவிழியில் பச்சை

இது புதிய யோசனை அல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த மருத்துவர் கேலன் வெள்ளை விழுந்த கருவிழியைக் கறுப்பாக்க முயன்றார் என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. காய்ச்சிய கம்பியால் மேற்பரப்பைச் சுட்டு, மாசிக்காய்ப் பொடியும் இரும்பும் சேர்ந்த கலவையைப் பூசுவது ஒரு முறை. மாதுளம் பட்டையும் தாமிர உப்பும் சேர்ப்பது இன்னொன்று. மாசிக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்து எழுது மை இதே வேதியியலில்தான் உருவானது. 1869 வாக்கில் பாரிஸில் லூயி தெ வெக்கர் கரி மையை ஊசியால் கருவிழிக்குள் குத்தி ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்க குளோரைடு, பிளாட்டினம் குளோரைடு ஆகிய உப்புகளைத் தடவி, இன்னொரு திரவத்தால் அவற்றைத் திசுவுக்குள்ளேயே கறுக்கவைக்கும் முறை வந்தது. இப்போது நுண்ணிய கனிம நிறமிகள் வந்திருக்கின்றன.

செய்முறை தெரிந்தால் விளைவு ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும். கருவிழி நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். மேலே உள்ள மெல்லிய தோல் ஒரு வாரம், பத்து நாளில் உதிர்ந்து புதிதாகிவிடும். அந்தத் தோலில் நிறமி நின்றால் அதோடு சேர்ந்து போய்விடும். ஆகவே அதைத் தாண்டி நடு அடுக்குக்குள் போக வேண்டும். இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகக் குத்தி நிறமியை ஏற்றுவது. மற்றொன்று, நடு அடுக்கில் மெல்லிய கத்தியால் ஓர் உறை போன்ற இடைவெளியை உண்டாக்கி அதற்குள் நிறமியைச் செலுத்துவது. ஃபெம்டோசெகண்ட் லேசரால் (மிக மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளால் வெட்டும் லேசர்) அந்த உறையை மிகத் துல்லியமாக வெட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தழும்பு அடர்ந்த வெள்ளையாக இருந்தால் லேசர் ஒளியே சீராக உள்ளே போகாது. "லேசர் என்றால் சிறந்தது" என்று நினைத்துக்கொண்டு கூடுதல் பணம் கட்டத் தயாராக வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தடித்த தழும்புக்குக் கையால் செய்வதே பல நேரம் பொருத்தமாக இருக்கும்.

ஊசி முறையில் முதல் இரண்டு மூன்று நாள் நல்ல வலி, கண்ணீர், கூச்சம் இருக்கும். மேல்தோல் மூடும்வரை பாதுகாப்பு லென்ஸ் போட்டுவிடுவார்கள். ஆன்டிபயாட்டிக் சொட்டும் ஸ்டீராய்டு சொட்டும் சில வாரங்கள் தொடரும். உறை முறையில் மேல்தோல் முழுதாக இருப்பதால் வலி குறைவு, குணமாவதும் சீக்கிரம்.

தோற்றம் எப்படி இருக்கும்? நமக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. நம்மில் பெரும்பாலோரின் ஐரிஸ் அடர் பழுப்பு; இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் ஐரிஸும் கண்மணியும் ஒன்றாகக் கறுப்பாகவே தெரியும். அதனால் நீல நிறக் கண்ணுக்கும் பச்சை நிறக் கண்ணுக்கும் நிறம் பொருத்தப் படும் சிரமம் இங்கே இல்லை. கறுப்பும் கொஞ்சம் பழுப்பும் இருந்தாலே பேச்சுத் தூரத்தில் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிடும். தழும்பு சிறியதாக, ஒரு புள்ளியாக இருந்தால் முடிவு இன்னும் நன்றாக இருக்கும்.

கிட்டே வந்து பார்த்தால் தெரியும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வரைந்த கண்மணி வெளிச்சத்துக்கு ஏற்ப சுருங்கி விரியாது. மங்கலான அறையில் நல்ல கண்ணின் கண்மணி விரியும், இது அப்படியே நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மேற்பரப்பிலேயே படுத்திருப்பது தெரியும், ஆழம் இருக்காது. தழும்பின் மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால் பளபளப்பும் மங்கலாகவே இருக்கும். வருடங்கள் போகப் போக நிறம் வெளிறலாம், திட்டுத்திட்டாகலாம். மறுபடி ஒருமுறை ஏற்ற வேண்டிவரும். ரத்தக் குழாய் புகுந்த தழும்பில் நிறமி வெளியேறுவது வேகமாக நடக்கும்.

குடும்பங்கள் எதிர்பார்க்காத இன்னொன்று உண்டு. பல வருடம் பார்வையில்லாத கண், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மெல்ல வெளிப்பக்கம் விலகியிருக்கும். வெள்ளையாக இருக்கும்வரை அந்த மாறுகண் அவ்வளவாகத் தெரியாது, பார்ப்பவர் கவனம் வெள்ளையில்தான் இருக்கும். கறுப்பு வட்டம் வந்தபிறகு அது எங்கே பார்க்கிறது என்பது பளிச்சென்று தெரியும். விலகல் கணிசமாக இருந்தால், மாறுகண் அறுவை சிகிச்சையையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். இதை முன்பே பேசாமல் விட்டுவிட்டு, "காசு செலவழிச்சும் கண்ணு ஒரு மாதிரியா இருக்கே மேடம்" என்று பிறகு வருந்தி வந்தவர்கள் உண்டு.

பாதுகாப்பு பற்றி. ஸ்பெயினின் அலிகான்டே நகரில் ஜோர்ஜ் அலியோவின் குழு இந்தத் துறையில் நீண்டகாலமாக வேலை செய்துவருகிறது. 204 பேரின் 234 கண்களைப் பற்றி 2018-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில் சுமார் 13 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதி, வெளிச்சத்தில் கண் கூசுவது. அடுத்து, நிறம் வெளிறுவதும் மாறுவதும். புது ரத்தக் குழாய் முளைப்பது, பார்வைப் பரப்பு குறைவது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தொந்தரவு ஆகியவை சிறு பங்கு. அவர்கள் மேம்படுத்திய புதிய வகையான மூன்றாம் தலைமுறை நிறமிகளைப் பயன்படுத்தியவர்களிடம் கூச்சமும் நிற மாற்றமும் மட்டுமே காணப்பட்டன. ஆறுதலான எண்கள்தான். ஆனால் மிகுந்த அனுபவமுள்ள குழு, தாங்களே மேம்படுத்திய நிறமியோடு செய்தவை இவை. எப்போதாவது ஒன்று செய்யும் இடத்தில் இதே முடிவை எதிர்பார்க்கக் கூடாது.

பொதுவாக அஞ்ச வேண்டியவை: மேல்தோல் மூடாமல் புண் நிற்பது, அதில் தொற்று ஏறுவது, கண்ணுக்குள் அழற்சி, மெலிந்த கருவிழியில் ஊசி மறுபக்கம் போய்விடுவது. இதனால்தான் கருவிழி மெலிந்திருந்தால், சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டித்திருந்தால், கண் வறட்சி கடுமையாக இருந்தால், கண் அழுத்தம் கட்டுக்குள் இல்லை என்றால், நல்ல மருத்துவர் கை வைக்க மறுப்பார். மறுக்கும் டாக்டரை விட்டுவிட்டு ஒப்புக்கொள்ளும் டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

இன்னொரு பயனும் இருக்கிறது. விபத்தில் ஐரிஸ் கிழிந்தவர்களுக்கும், ஐரிஸ் இல்லாமலே பிறந்தவர்களுக்கும் வெளிச்சம் கட்டுப்பாடின்றி உள்ளே பாயும். அவர்களுக்குக் கருவிழியின் சுற்றோரத்தில் நிறமி ஏற்றினால் கூச்சம் குறையும். எதனாலும் தீராத இரட்டைப் பார்வைக்கு, ஒரு கண்ணின் நடுவைக் கறுப்பாக்கி மூடுவதும் உண்டு.

யாருக்கு எது

கல்லூரி போகும் பெண், கண் அளவில் சரியாக இருக்கிறது, வெள்ளை மட்டும்தான், சுத்தமாகப் பராமரிக்க முடியும் என்றால்: முதலில் வண்ண லென்ஸ். ஒரு வருடம் போட்ட பிறகும் அது தொல்லையாகத் தெரிந்தால் பச்சை. தறியிலோ வயலிலோ வேலை பார்ப்பவர், தினமும் கழற்றி மாட்ட நேரமும் தண்ணீர் வசதியும் இல்லாதவர் என்றால் லென்ஸைக் கட்டாயப்படுத்துவதில் அர்த்தமில்லை. கண் தகுதியாக இருந்தால் நேரே பச்சையைப் பற்றிப் பேசலாம். ஊசி முறை எளிய கருவிகளோடு நடப்பதால் செலவும் தாங்கக்கூடியது. கண் சுருங்கியிருந்தால் ஓடு. வலித்தால் முதலில் வலிக்கு வைத்தியம். அறுபது வயதைத் தாண்டி, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்கிற பெரியவரைப் பிள்ளைகள் இழுத்துவந்தால், ஒரு நல்ல கண்ணாடி போதும் என்று அனுப்பிவைப்போம். லேசான நிறம் பூசிய கண்ணாடியே பாதி மறைத்துவிடும். சற்றுச் சின்னதாகத் தெரியும் கண்ணுக்கு முன்னால் ப்ளஸ் பவர் வைத்தால் பெரிதாகத் தெரியும். அறுவை எதுவும் தேவையில்லாத இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை.

நல்ல கண்ணின் நிறத்தை மாற்ற

பழுப்புக் கண்ணை நீலமாகவோ தேன் நிறமாகவோ மாற்றிக்காட்டும் வீடியோக்கள் இப்போது எல்லார் போனிலும் ஓடுகின்றன. லேசரால் கருவிழியில் வளையம் போன்ற ஒரு சுரங்கம் வெட்டி, அதில் நிறமியைச் செலுத்தி, நடுவில் மட்டும் தெளிவான வட்டத்தை விடுகிறார்கள். மேலே சொன்ன அதே தொழில்நுட்பம்தான். ஆனால் முடிவெடுக்கும் கணக்கு முற்றிலும் வேறு. பார்வையில்லாத கண்ணில் இழக்கப் பார்வை இல்லை. இங்கே எல்லாமே இழக்க இருக்கிறது.

2024 ஜனவரியில் அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி அழகுக்காக மட்டும் இதைச் செய்துகொள்வதற்கு எதிராக வெளிப்படையாக எச்சரித்தது. கருவிழி மங்குவது, வடிவம் கோணுவது, தொற்று, நிறமிக்கு ஒவ்வாமையால் உள்ளழற்சி, நிறமி கசிவது, கூச்சம், பார்வை இழப்பு என்று அவர்கள் சொன்ன ஆபத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. இவற்றோடு, நீண்ட காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இரவில் கண்மணி விரிந்து அந்தத் தெளிவான வட்டத்தைத் தாண்டினால் விளக்குகளைச் சுற்றி ஒளி சிதறும். நாற்பது வருடம் கழித்துக் கண்புரை வரும்போதும், சர்க்கரை நோயால் விழித்திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்போதும், அந்த நிறவளையம் டாக்டரின் பார்வைக்குக் குறுக்கே நிற்கும். இருபத்தைந்து வயதில் இதைச் செய்துகொள்பவருக்கு நாற்பது வருடத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்ல இன்று எந்த ஆய்வும் இருக்க முடியாது. இந்த லேசர் முறைக்கே அவ்வளவு வயதாகவில்லை.

மற்ற இரண்டு வழிகள் இன்னும் மோசம். கண்ணுக்குள் வண்ண சிலிகான் தகடு வைக்கும் ஐரிஸ் இம்பிளான்ட், கண் நீர் அழுத்த நோய், கண்புரை, கருவிழி வீக்கம் என்று பலருக்குச் சிக்கல்களைக் கொண்டுவந்து, எடுத்துவிட வேண்டியதாகியிருக்கிறது. வெள்ளைவிழியில் மை ஏற்றிக்கொள்வது மருத்துவமே அல்ல. பச்சை குத்துபவர்கள் கண் அறுவை அரங்குக்கு வெளியே செய்வது அது. அதில் ஊசி கண்ணைத் துளைத்துப் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். நிற ஆசை இருந்தால் கண் அளவெடுத்து, மருத்துவச் சீட்டோடு வாங்கிய கலர் லென்ஸை ஒரு விசேஷத்துக்குப் போட்டுக் கழற்றிவைத்தால் போதும்.

போகும் முன் கேட்க வேண்டியவை

பச்சை என்று முடிவுசெய்தவர்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: இதுவரை இப்படிச் செய்தவர்களின் முன், பின் போட்டோக்களைக் காட்ட முடியுமா? எந்த நிறமி, அது கண்ணுக்கென்றே கிருமி நீக்கித் தயாரித்ததா? அதில் இரும்பு ஆக்ஸைடு இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்கும் ஸ்கேன் என்பதால், பின்னால் அதை எடுக்க நேர்ந்தால் ஸ்கேன் அறையில் இதைச் சொல்ல வேண்டும், அதனால் நிறமியின் பெயர் எழுதிய சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிறம் வெளிறினால் மறுபடி ஏற்றுவதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நல்ல கண்ணுக்கு உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம், பவர் இல்லாவிட்டாலும். ஒரே கண்ணை வைத்திருப்பவர் தேங்காய் உடைக்கும்போதும் சுத்தியல் பிடிக்கும்போதும் அதைக் கழற்றக் கூடாது.

கல்யாணத்துக்காக வருகிறவர்கள் தேதி குறித்த பிறகு ஓடிவருவதே வழக்கமாக இருக்கிறது. குத்திய பிறகு சிவப்பும் வீக்கமும் அடங்கவே சில வாரங்கள் ஆகும். நிறம் ஒரு நிலைக்கு வந்து, குறை தெரியும் இடத்தில் மறுபடி ஏற்ற வேண்டுமா என்று பார்க்க இன்னும் அவகாசம் வேண்டும். அதனால் மூன்று நான்கு மாதம் முன்பே வந்துவிடுங்கள். அவ்வளவு நாள் இல்லை என்றால் அந்த முகூர்த்தத்துக்கு வண்ண லென்ஸ் போதும். பச்சையைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.